நோயில்லாத வீட்டு மருமகள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்த நோயும் இல்லை என்பது ஒரு பெரிய குறை என்று எங்களுக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னது உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிலையம்தான். அதுவரை நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. சாப்பிட்டோம், தூங்கினோம், சண்டை போட்டோம், சமாதானமானோம். நோய் என்று ஒன்று வராமலேயே காலம் ஓடிவிட்டது. எங்கள் கவனக்குறைவுதான், வேறென்ன சொல்வது?

என் மனைவி அந்த நிலையத்தில் டெக்னீஷியன். பிளாஸ்டிக் தட்டுகளில் தோல் செல்களை வளர்ப்பது அவள் வேலை. கல்யாணமான மறுநாள் காலையில், வந்த சொந்தங்கள் இன்னும் கிளம்பாத வீட்டில், "செல்களுக்குச் சாப்பாடு மாத்தணும், ஒரு மணி நேரத்துல வந்துடறேன் அத்தை" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் 'ஆராய்ச்சி'. அம்மா அதைக் குத்தலாகத்தான் ஆரம்பித்தார். போகப்போக அதில் செல்லம் ஏறிவிட்டது.

தட்டில் செல்கள் ஒரே விரிப்பாகப் படர்ந்ததும் அதன் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் முனையால் ஒரு கோடு கிழிப்பாள். அது காயம். இரண்டு பக்கச் செல்களும் மெல்ல ஊர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடும். மூட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து எழுத வேண்டும். பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஒரு தடவை காயம் பட்டு ஆறிய செல்கள், இரண்டாம் தடவை கிழித்தால் இன்னும் சீக்கிரம் ஆறின. பழைய காயத்தை எங்கேயோ ஞாபகம் வைத்திருந்த மாதிரி.

அவள் நேராகத் தன் பேராசிரியரிடம் போய், "சார், இது ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

பேராசிரியர் பதறிப்போய் அறைக் கதவைச் சாத்தினாராம்.

"யாரு கேக்கச் சொன்னா உன்னை? நீ டெக்னீஷியன். நீ செய்யலாம், கேக்கக் கூடாது. கேள்வி கேக்கறதுக்கு மாணவரா இருக்கணும். மாணவர் அட்டை இல்லாதவங்க கேள்வி கேட்டா பதில் யார் கணக்குல வரும்? நிலையத்துக்குன்னு ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"அப்போ நான் மாணவரா சேர்ந்துடறேன் சார்."

"தாராளமா விண்ணப்பம் போடு. ஊழியர்கள் ஒரு தடவைதான் போடலாம், ஞாபகம் வெச்சுக்கோ. அப்புறம், இன்குபேட்டர்ல கீழ்மூலையில சொந்தமா தட்டு வெச்சிருக்கியாமே? புது வகுப்பு தொடங்கறதுக்குள்ள காலி பண்ணிடு. மாணவர் யாராவது கேள்வியோட வந்தா வெக்க இடம் வேணும்."

ஆக, அவள் சேர்ந்தால் அந்தத் தட்டுகள் பிழைக்கும். சேராவிட்டால் குப்பைக்குப் போகும். அவளும் இனி அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. நான் லிஃப்ட் மெக்கானிக். ஏன் நிற்கிறது என்று கேட்கவே கூடாது, மேலே கீழே ஓட்டிக்கொண்டே இரு என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். "போடு. ஒரு கை பாத்துடலாம்" என்றேன்.

விண்ணப்பிப்பவர்களுக்கான வழிகாட்டுக் கூட்டம் 'சித்தப்பா நினைவரங்கம்' என்ற பெரிய மண்டபத்தில் நடந்தது. துணைக்கு ஒருவர் வரலாம் என்று போட்டிருந்ததால் நானும் போனேன். மேடைக்கு மேலே ஒரு பெரிய ஓவியம். அதில் இருந்தவர் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் யார் மாதிரியும் இல்லாமல், ஆனால் மிகவும் சோகமாக இருந்தார்.

வழிகாட்டுபவரைக் 'கைக்குட்டை மேடம்' என்பார்கள். காரணம் உடனே விளங்கியது.

"தேர்வுக் குழுத் தலைவர் இந்த நிலையத்துல மாணவரா சேர வந்தப்போ எழுதின நோக்கக் கட்டுரையை நாங்க இன்னிக்கும் வருஷா வருஷம் வாசிக்கறோம்" என்று ஓவியத்தைக் காட்டினார். "அவரோட சித்தப்பா. அரிய நோய். மருந்தே கிடையாது. 'மகனே, நீ கண்டுபிடி'ன்னு சொல்லிட்டு இவர் மடியிலேயே…" கைக்குட்டை மேலே போயிற்று. "விஞ்ஞானத்தை யார் வேணும்னாலும் கத்துக்கலாம். துயரத்தைக் கத்துக்க முடியாது. அதனாலதான் நாங்க துயரத்தைப் பார்த்து ஆள் எடுக்கறோம்."

பிறகு ஒவ்வொருவராக மேஜைக்குக் கூப்பிட்டுக் கட்டுரையின் முதல் படியைப் பார்த்துக் கருத்துச் சொன்னார். எங்களுக்கு முன்னால் நீலப் பையுடன் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியாம்மா? போன வருஷம்தான் தவறினாரா? ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா பாருங்க, இந்த வருஷம் சர்க்கரை ரொம்ப அதிகமா வந்திருக்கு. அம்மா பக்கம் ஏதாவது கிடைக்குதான்னு பாருங்களேன்."

அந்தப் பெண் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் மனைவி தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். அவள் குடிக்கவில்லை, பாட்டிலை மட்டும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து நாங்கள்.

"முதல் பக்கம் முழுக்கத் தோல் செல். ரெண்டாவது பக்கமும் தோல் செல்" என்று கைக்குட்டை மேடம் தாளைப் புரட்டினார். "விஞ்ஞானம் கொஞ்சம் தூக்கலா இருக்கேம்மா. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"நான்தான் மேடம் மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டிருக்கேன்."

"அழுதுகிட்டா?"

"அழுதா லென்ஸ் மங்கிடும் மேடம்."

"சரி, வீட்டுல யாருக்கு என்ன?"

"யாருக்கும் எதுவும் இல்ல மேடம்."

"பயப்படாம சொல்லுங்க. இங்க சொன்னா வெளிய போகாது."

"நிஜமாவே இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். கடையில் கடைசியாக மிஞ்சிய பொருளைப் பார்க்கும் பார்வை. "இவருக்கு?"

எனக்கே குற்ற உணர்வாகிவிட்டது. "போன வருஷம் ஒரு நாள் தும்மல் வந்தது மேடம்" என்றேன்.

அவர் கண்ணில் சின்னதாக ஒரு வெளிச்சம். "வந்து?"

"நின்னுடுச்சு."

மேடம் பேனாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் நல்லா யோசிங்க. தேடினா கிடைக்கும். மனசு வெச்சா கிடைக்காத குடும்பமே கிடையாது."

அன்று மாலை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மொத்த வீடும் உட்கார்ந்தது. என் அம்மா, தண்ணீர் இணைப்பு அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முதல் தடவையிலேயே இணைப்பு வாங்கிப் போனவர் ஊரில் யாரும் இல்லை. என் அப்பா, பார்சல் லாரி ஓட்டியவர். உட்கார்ந்தவுடன் தூங்கி, எழுப்பியவுடன் விழிப்பவர். மாடியில் குடியிருக்கும் என் அக்கா, பள்ளியில் விளையாட்டு ஆசிரியை.

"இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க?" என்றார் அம்மா. "எனக்கு முட்டி வலின்னு எழுதிக்கோ."

"உங்களுக்கு முட்டி வலிக்காதே அத்தை."

"மாடிப்படி ஏறச் சொன்னா வலிக்கும்."

"அது வலி இல்லம்மா, சோம்பேறித்தனம்" என்றாள் அக்கா. "என்னை எழுதிக்கோ, ஆராய்ச்சி. எனக்கு மூச்சு வாங்குது."

"எப்போ?"

"மைதானத்தைப் பத்து சுத்து ஓடினா."

"பத்து சுத்து ஓடினா குதிரைக்கே மூச்சு வாங்கும். நீ சும்மா இரு" என்ற அம்மா, அப்பாவைத் தட்டி எழுப்பினார். "ஏங்க, மருமகளுக்கு ஒரு நோய் வேணுமாம். உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

அப்பா விழித்துக்கொண்டு பெருந்தன்மையாக, "எது வேணுமோ எடுத்துக்கச் சொல்லு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வர்றதில்ல" என்றார். நாங்கள் சிரித்து முடிக்கும் முன் அவர் குறட்டை தொடங்கிவிட்டது.

மனைவியின் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டோம். என் மாமனாரும் மாமியாரும் அப்போது ஒரு மலை மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமனார் மூச்சுவிடாமல் பேசினார். மூச்சு வாங்காமல் என்று சொன்னால் இன்னும் சரி. "நோயா? உங்க மாமியாருக்குக் கோபம் வரும், அது சேருமா மாப்பிள்ளை?" என்றார். பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஒரு பெரியப்பாவை உருவாக்கிடலாமே. யாரு வந்து பார்க்கப் போறா?" என்றேன் நான்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தட்டுல இல்லாததை இருக்குன்னு எழுதினா என்னை வேலையை விட்டே அனுப்புவாங்க. வீட்டுல இல்லாததை இருக்குன்னு எழுதினா சேர்த்துக்குவாங்களாம். எனக்கு இது சரிப்படாதுங்க."

அவள் உண்மையையே எழுதினாள். 'எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை. என்னிடம் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது' என்று தொடங்கித் தோல் செல்களைப் பற்றி இரண்டு பக்கம்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். பேராசிரியர், "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார். தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுத அவள் இரண்டு மாலை முயன்றாள். 'இவர் நேரத்துக்கு வருவார்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. மூன்றாம் மாலை நான் வாங்கிக்கொண்டேன். நானும் வருடம் முழுக்கச் சான்றிதழ் எழுதுகிறவன்தான். என்ன, லிஃப்ட்களுக்கு எழுதுகிறேன். கை பழகிய நடையில் எழுதிக் கொடுத்தேன்:

'இவர் தொடர்ந்து இயங்கக்கூடியவர். நடுவழியில் நிற்பதில்லை. தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் ஒரு முறை எச்சரித்துவிட்டு, பிறகு ஏற்றுக்கொள்வார். கதவு மூடும் நேரத்தில் யார் கை குறுக்கே வந்தாலும் திறந்து வழி விடுவார். பரிசோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை.'

பேராசிரியர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பத்தை நிலையத்தின் கணினியில் ஏற்ற வேண்டும். அதில் 'குடும்ப நோய்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் வராது. இவள் 'இல்லை' என்று அடித்தாள். அந்தக் கணினி விண்ணப்பங்களை நோயின் அரிதான தன்மையை வைத்து வரிசைப்படுத்தும் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த வருடம் வந்த விண்ணப்பங்களிலேயே ஒரே ஒருவரிடம்தான் அந்தப் பதில் இருந்ததாம். மிக மிக அரிய வகை என்று கணினி அதை முதலிடத்தில் வைத்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது.

தேர்வுக்கு வருபவர் தன்னோடு ஒரு 'ஆதரவாளரை' அழைத்து வர வேண்டும், அவரையும் சோதிப்பார்கள் என்று விதி. நான் விடுப்புப் போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

காத்திருக்கும் அறையில் பேச்சு காதில் விழுந்தது.

"உங்களுக்கு என்ன?"

"கணையம். உங்களுக்கு?"

"நரம்பு. பெரியம்மா பையன்."

"ஒண்ணு விட்டதா? ஒண்ணு விட்டதுக்கு மதிப்பெண் பாதிதான்னு சொன்னாங்களே."

"ஆனா நான் கூடவே இருந்து பார்த்துக்கிட்டேன்."

"அப்போ பரவாயில்ல."

நீலப் பைப் பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவியைப் பார்த்ததும் பைக்குள்ளிருந்து அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். நிரப்பி வைத்திருந்தாள். "அம்மா பக்கம் தேடினீங்களா?" என்று கேட்டேன், பேச்சுக்கு. "தேடல. எங்க அப்பாவையே எழுதிட்டேன்" என்றாள்.

தேர்வுக் குழுத் தலைவர் வெள்ளைக் கோட்டில் இருந்தார். அந்தக் கோட்டில் ஒரு கறைகூட இல்லை; ஆய்வுக்கூடத்துக்குள் போய் நாளாகியிருக்கும். பக்கத்தில் கைக்குட்டை மேடம். இன்னொரு பக்கம் என் மனைவியின் பேராசிரியர்.

"முதல்ல ஆதரவாளர்" என்றார் தலைவர். "நீங்க இவங்களுக்கு எப்படி ஆதரவு தர்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை செல்களுக்குச் சாப்பாடு மாத்தப் போகும்போது வண்டியில கொண்டு போய் விடறேன் சார்."

"அது போக்குவரத்து. நான் கேக்கறது உணர்வுபூர்வமான ஆதரவு."

"ஹெல்மெட் போட்டுக்கோன்னு சொல்வேன் சார்."

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். தலைவர் பரிந்துரைக் கடிதத்தை எடுத்து உரக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் தழுதழுத்தது. "'கதவு மூடும் நேரத்தில் யார் கை குறுக்கே வந்தாலும்…' அடடா! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கடிதத்தை நான் பார்த்ததில்ல. எவ்வளவு ஆழம்!"

பேராசிரியர் தலை குனிந்துகொண்டார். "ரொம்ப யோசிச்சு எழுதினது" என்றார்.

"இப்போ விஷயத்துக்கு வருவோம். கணினி உங்களுக்கு மிக அரிய நோய்னு சொல்லுது. என்ன நோய்?"

"எதுவும் இல்ல சார்" என்றாள் என் மனைவி.

"பேர் இல்லாத நோயா?"

"நோயே இல்ல சார். எங்க வீட்டுல யாருக்கும். என் பிறந்த வீட்டுலயும். சார், என்னோட கேள்வி என்னன்னா, ஒரு தடவை காயம் பட்ட செல்கள்…"

"கேள்விக்குக் கடைசியில நேரம் ஒதுக்கியிருக்கு" என்று கையைக் காட்டி நிறுத்தினார் தலைவர். அவர் முகம் என்னவோ போல் மாறியது. "யாருக்குமே இல்லையா? ரத்த அழுத்தம்? சர்க்கரை? மாமனாருக்கு?"

"இல்ல சார்."

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"உங்களுக்குப் புரியுதா?" என்று மற்ற இருவரையும் பார்த்துக் கத்தினார். "இத்தனை வருஷமா நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்றோம். நோயாளியோட ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் வேணுமா இல்லையா? எங்க இருக்கான் அவன்? நாம ஆள் எடுத்த விதத்துல இந்தக் கட்டடத்துல ஒரு நல்ல ரத்தம் கிடையாது. இப்போ நம்ம ஒப்பீட்டுக் குழுவுல யார் இருக்கா? நம்ம பேராசிரியர்கள்! நீங்க காலையில எத்தனை மாத்திரை சாப்பிடறீங்க?"

பேராசிரியர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"அப்படிப்பட்ட உங்களை ஆரோக்கியமானவர்னு போட்டு நாலு கட்டுரை வெளியிட்டிருக்கேன். அதோட ஒப்பிட்டதுல நம்ம நோயாளிங்க எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு முடிவு வந்தது. அதுக்கு விருதுகூடக் கொடுத்தாங்க!" தலைவர் என் பக்கம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரு முழுக் குடும்பம்…"

கடைசியில் கேள்விக்கு ஒதுக்கிய நேரம் என் நாடியிலேயே கழிந்துவிட்டது.

சில நாளில் ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, எங்கள் எல்லோருக்கும். 'கடும் போட்டிக்கிடையே தங்கள் குடும்பம் எமது ஒப்பீட்டுக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.' இரண்டாவது, என் மனைவிக்கு. 'ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் உறவினர் மாணவராகச் சேர இயலாது என்னும் விதியின்படி தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் குடும்பத்தின் வெற்றிக்கு எமது வாழ்த்துகள்.'

அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "நாம பாஸு, அவ ஃபெயிலா?" என்றார், முழு விழிப்போடு.

என் மனைவி கடிதத்தை மடித்து உறைக்குள்ளேயே வைத்தாள். "நாளைக்கு அந்த மூலையைக் காலி பண்ணணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக் குழாயில் கை கழுவப் போனாள். ஆய்வுக்கூடத்தில் கழுவுவது போல் விரல் விரலாக, நகம் நகமாக. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "துண்டு குடுங்க" என்றாள். கொடுத்தேன். அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்; கழுவியது கையைத்தான்.

அம்மா கூடத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தட்டையெல்லாம் நாளைக்குத் தூக்கிப் போடாத, ஆராய்ச்சி" என்றார். "அவங்க ரத்தம் எடுக்க என்னிக்கு வர்றாங்க?"

"நாளைக்குக் காலையில அத்தை."

"சரி. வரட்டும்."

மறுநாள் காலையில் கூடத்தில் சாப்பாட்டு மேஜை வாசல் கதவுக்குக் குறுக்கே போடப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு பேனா, நூலால் மேஜைக் காலோடு கட்டப்பட்டு. மேஜைக்குப் பின்னால் அம்மா, ஓய்வு பெற்ற நாளில் மடித்து வைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

தலைவரே நேரில் வந்தார். பின்னால் ரத்தக் குழாய்ப் பெட்டியோடு ஓர் உதவியாளர்.

"வரிசையில வாங்க" என்றார் அம்மா.

தலைவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் உதவியாளர்தான், முன்னால் யாரும் இல்லை. "நான்தான் வரிசைம்மா" என்றார்.

"என்ன வேணும்?"

"உங்க ரத்தம்."

"விண்ணப்பம்?"

"எதுக்கு?"

"எங்க ரத்தம் உங்களுக்கு ஏன் வேணும்னு ஒரு நோக்கக் கட்டுரை. உங்களைப் பத்தி நல்லவிதமா சொல்ற ரெண்டு பேர் கடிதம். கூட ஒரு ஆதரவாளர். பின்னால நிக்கறவர் ஆதரவாளரா?"

"உதவியாளர்."

"ஏம்ப்பா, இவருக்கு நீ உணர்வுபூர்வமா ஆதரவு தர்றியா?"

உதவியாளர் தலைவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பெட்டி தூக்கறேம்மா" என்றார்.

"அது போக்குவரத்து" என்றார் அம்மா.

தலைவர் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினார். அம்மா வாங்கிப் படித்தார். "முழுக்க விஞ்ஞானமா இருக்கே. ஒப்பீடு, சராசரி, அது இதுன்னு. இதுல நீங்க எங்க இருக்கீங்க? கொஞ்சம் மனசைத் தொடற மாதிரி எழுதிட்டு வாங்க." அவர் மறுபடி எழுதிக்கொண்டு வந்தபோது அம்மா 'இடைவேளை' என்று ஓர் அட்டையை வைத்துவிட்டு உள்ளே காபி குடிக்கப் போயிருந்தார். அப்பா நாற்காலியிலிருந்து தலைவரைப் பார்த்து ஆறுதலாக, "எங்க கல்யாணத்துக்கே நான் மூணு தடவை வந்து கேக்க வேண்டியிருந்தது" என்றார்.

அம்மா திரும்பி வந்து அடுத்த படியையும் பார்த்தார்.

"ம்ஹூம். ஒட்டல. உங்க வீட்டுல யாருக்கும் எதுவும் இல்லையா?"

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது. கோட்டு முதன்முதலாகக் கொஞ்சம் கசங்கியிருந்தது.

"சித்தப்பா இருந்தாரே?" என்றார் அம்மா. "அவருக்கு மண்டபமெல்லாம் கட்டியிருக்கீங்களாமே? அவரை எழுதுங்க. அவர் பேர் என்ன?"

தலைவர் உதவியாளரிடம், "நீ போய் வண்டியில உக்காரு" என்றார். அவர் போனதும் மேஜை மேல் குனிந்து, கவுன்ட்டர் துவாரத்தில் பேசுவது போல் மெதுவாகச் சொன்னார்.

"அவருக்கு இன்னும் பேர் வெக்கலைங்க."

"அப்படின்னா?"

"எங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது. எங்க வீட்டுலயும் யாருக்கும் எதுவும் இல்லம்மா. நான் சேர வந்தப்பவே 'வீட்டுல யாருக்கு என்ன'ங்கற கேள்வி இருந்தது. எனக்குச் சேரணும்னு ரொம்ப ஆசை. நானும் உண்மையைத்தான் முதல்ல எழுதினேன். திருப்பிக் கொடுத்துட்டாங்க. அப்புறம்தான் சித்தப்பா வந்தாரு. ஒரு கட்டுரையோட போயிடுவார்னு நினைச்சேன். அவர் என்னைத் தாண்டி வளர்ந்துட்டாரு. ஓவியம் வரைய வந்தவர், 'மூக்கு எப்படி இருக்கும்'னு கேட்டப்போ எனக்கு மூணு நாள் காய்ச்சல்."

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மாடிப்படியில் ஓடினாள். மூச்சு வாங்கவே இல்லை.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் இருந்த கவுன்ட்டர் கொஞ்சம் இறங்கியது. "ஆசைப்பட்டு வந்த பிள்ளையை அப்படிப் பண்ணிட்டாங்களா? அப்போ நீங்களாவது அந்தக் கேள்வியை எடுத்திருக்கலாமே?"

"எடுத்துட்டா எதை வெச்சு ஆள் எடுக்கறதுங்க?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி சொன்னாள்: "என்ன தெரிஞ்சுக்க ஆசைன்னு கேளுங்க சார்."

"அதையெல்லாம் யாரும்மா படிச்சுப் பாக்கறது? படிச்சா புரியணும், புரிஞ்சா பதில் சொல்லணும். சோகம்னா ஒரு பக்கத்துல தெரிஞ்சுடும்" என்ற தலைவர், தான் சொன்னது தன் காதிலேயே விழ, நிறுத்திக்கொண்டார்.

"உங்க சித்தப்பா விஷயம் இந்த மேஜையைத் தாண்டாது" என்றார் அம்மா. "கவுன்ட்டர்ல கேட்டதை வெளிய சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. எங்க ரத்தத்தையும் எடுத்துக்கலாம். ஆனா சொந்தக்காரங்க சேரக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கே, அது எதுக்கு?"

"சொந்தக்காரங்களையே ஆராய்ச்சி பண்ணினா பாரபட்சம் வரும்னு."

"இவ எங்களையா ஆராய்ச்சி பண்றா? தோல் செல்லைப் பண்றா. எங்களை ஆராய்ச்சி பண்ணணும்னா கல்யாணமான அன்னிக்கே பண்ணி முடிச்சிருப்பா. அந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

அம்மா நூலில் கட்டிய பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். நூல் சரியாக எட்டியது.

அவர் அந்த விதியை ரத்து செய்து எழுதி முடித்ததும், "அந்த நீலப் பை வெச்சிருந்த பொண்ணு சார்…" என்றாள் என் மனைவி.

"அவங்க சர்க்கரை. இந்த வருஷம் சர்க்கரை அதிகமா…"

அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டினார். தலைவர் இன்னொரு வரி எழுதினார்.

அதன் பிறகு உதவியாளரைத் திரும்பக் கூப்பிட்டு, நாங்கள் வரிசையாக உட்கார்ந்து ரத்தம் கொடுத்தோம். ஊசி போட்டதே தெரியாமல் அப்பா தூங்கினார். அம்மா மட்டும், "அவ்வளவு வேகமா இழுக்காத, நான் எங்கேயும் ஓடிடல" என்று உதவியாளரை விரட்டிக்கொண்டிருந்தார்.

புது வகுப்பு தொடங்கும் நாளில் சித்தப்பா நினைவரங்கத்தில் வரவேற்புக் கூட்டம். வழக்கமான உரையில் தலைவர் சித்தப்பாவைப் பற்றி வழக்கத்தைவிடச் சுருக்கமாகப் பேசினார் என்றார்கள். மடியில் உயிர் விட்ட இடத்துக்கு வந்தபோது அவர் கண் முன்வரிசையில் இருந்த என் அம்மாவிடம் போயிற்று. அம்மா பெருந்தன்மையாகக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் தலைவரால் பேச முடியவில்லை. கைக்குட்டை மேடம் உள்பட மண்டபமே அழுதது.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். என் மனைவி மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மாலையில் அவள் படியேறி வந்த சத்தத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரு படி விட்டு ஒரு படி தாவி வந்தாள்.

"கேட்டுட்டேன்!" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "மூலையில இருந்த தட்டை எடுத்துட்டுப் போய், அட்டையை முன்னால வெச்சு, 'இது ஏன் இப்படி'ன்னு கேட்டேன். பேராசிரியர் அட்டையைப் பார்த்தாரு. அப்புறம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. இத்தனை வருஷத்துல அவர் அதுல குனிஞ்சு நான் பார்த்ததே இல்ல."

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"தெரியலன்னாரு!" அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "'எனக்குத் தெரியலயே'ன்னு சொன்னாரு! யாருக்குமே தெரியாதாம்!"

அம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவ்வளவு பாடுபட்டு உள்ள போனது, தெரியலன்னு கேட்டுட்டு வர்றதுக்கா?"

"ஆமா அத்தை" என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் அவள். அன்று காலையில் மறுபடி ரத்தம் எடுத்த இடத்தில் அவள் முழங்கை பட்டிருக்க வேண்டும். அம்மா "ஸ்ஸ்" என்றார். ஆனால் கையை எடுக்கச் சொல்லவில்லை.